ஒரே ஈஸ்ட்டில் இரண்டு மாப்பிள்ளைகள்

என் சகலை என் ரொட்டிக்கடைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குவார், என் கடைக்கு எதிர்ச்சாரியில் டீக்கடை ஓரமாக நிற்பார், அங்கிருந்தே கையை ஆட்டுவார். “வாங்க தம்பி, உள்ள வாங்க” என்று நான் கூப்பிட்டால், “இருக்கட்டும் அண்ணாச்சி, நேரமாச்சு” என்பார். நேரமானவர் அங்கேயே நின்று ஒரு டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் போவார். நடுவில் இருந்தது ஒரே ஒரு ரோடு. பஸ்ஸும் லாரியும் ஓயாத ரோடுதான். ஆனாலும் ஆட்டுக்குட்டி கடந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடந்தார்கள். அவர் மட்டும் கடக்கவில்லை.

டீக்கடை அண்ணாச்சி ஒருநாள் கேட்டே விட்டார். “என்னவே, ஒம்ம சகலைக்கு நான் ஒறவு, நீரு அசலா?”

கேட்டுவிட்டு அவர் டீ ஆற்றப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க மாவு சரியாகப் பிசைய வரவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கல்யாணம் நடந்தது. எங்கள் மாமனார் அம்பாசமுத்திரத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் இருந்த குடும்பம். மூத்த மகளை எனக்குக் கொடுத்தபோது சொந்தத்தில் பலபேர், “போயும் போயும் ரொட்டிக்கடைக்காரனுக்கா?” என்று முகத்தைச் சுளித்திருக்கிறார்கள். இளையவளுக்கு வந்தவர் சாத்தான்குளத்துப் பக்கம். மதுரையில் படித்து, வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவர் ஆராய்ந்தது எதைத் தெரியுமா? ஈஸ்ட்டை. நான் பதினைந்து வருஷமாக எதைப் பிசைந்து பன் போடுகிறேனோ, அதே ஈஸ்ட்டை. தொழிலுக்குத் தொழில் ஒன்று, மாமனாருக்கு மாமனார் ஒன்று. இரண்டு மாடும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் கொம்பு முட்டாமல் இருக்குமா?

நான் ஒன்பதாவது வரை படித்தவன். அதற்கு மேல் படித்ததெல்லாம் பன் மடித்துக் கொடுக்க எடைக்கு வாங்கும் பழைய பேப்பரில். பத்திரிகை, பாடப்புத்தகம், பரீட்சைத்தாள், எது வந்தாலும் கிழிப்பதற்கு முன்னால் முடிந்தமட்டும் படிப்பேன். அதனால் என் படிப்பு ஒரு தினுசான படிப்பு. மின்னல் ஏன் வருகிறது என்று எனக்குத் தெரியும். இடி ஏன் வருகிறது என்று தெரியாது, அந்தப் பக்கத்தில் யாரோ தேங்காய் பன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதி அறிவு, ஜனங்கள் வாயிலிருந்து விழுவது. மாவு மூடை இறக்க வரும் லாரி டிரைவர் ஒருமுறை சொன்னார்: “அடுத்தவன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டா ஊறுகாகூட உப்புச் சப்பில்லாமத்தான் இருக்கும் அண்ணாச்சி.” யாரைப் பற்றியோ சொன்னார். எனக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

ஏனென்றால் அம்பாசமுத்திரத்தில் நான் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விசேஷத்துக்குக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாமனாரின் பழைய சிநேகிதர் வந்திருந்தார். மாமனார் அறிமுகம் செய்துவைத்தார். “இவரு சின்ன மாப்பிள்ளை. வெளிநாட்டுல இருந்துட்டு வந்து இங்க காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுதாரு. உயிருகளோட ஆயுசைப் பத்தி.”

சிநேகிதர் கையெடுத்துக் கும்பிட்டார். “சந்தோசம், சந்தோசம். அவரு?”

“அவரு மூத்த மாப்பிள்ளை. வண்ணார்பேட்டையில இருக்காரு.”

அவ்வளவுதான். ஒருவருக்குத் தொழில், ஒருவருக்கு விலாசம். அன்று வடை ரொம்ப நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். இருந்திருக்கும்.

சகலை கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எனக்குச் சிரமமே இல்லை. திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவரோ தங்கமான ஆள். அதிலும் ஆற்றுக்குக் குளிக்கப் போனால் போதும், ஆளே மாறிவிடுவார். கழுத்தளவு தண்ணீரில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தோளில் கை போடாத குறையாகப் பேசுவார். கரையேறி, நான் என் சட்டையைப் போட்டுக்கொண்டதும் ஓரடி தள்ளி நடப்பார். இது என்ன உறவு, தண்ணீருக்குள் தம்பி, தரையில் அந்நியன்? எனக்குப் பிடிபடவில்லை.

அவருடைய ஆராய்ச்சி என்ன என்று எனக்குப் புரிந்ததும் அப்படி ஆற்றில் நின்றபோதுதான்.

“உங்களுக்குத்தான் இது லேசாப் புரியும் அண்ணாச்சி” என்று ஆரம்பித்தார். “ஒரு ஈஸ்ட் செல்லு இருக்குல்லா, அது தாய். அது மேல ஒரு மொட்டு விடும். மொட்டு வளர்ந்து, பிரிஞ்சு, மகளாப் போயிரும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு மக. இப்படி இருபது, இருபத்தஞ்சு பெத்துட்டுத் தாய் செத்துப்போகும்.”

“அப்ப நான் தினமும் பேறுகால வீட்டையே அடுப்புல தள்ளுதேன்னு சொல்லுங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர் குடித்துவிட்டார். மூச்சு வந்ததும் மீதியைச் சொன்னார். “செல்லுக்குள்ள இருக்க புரதங்க தனித்தனியா வேலை பாக்காது. நாலஞ்சு சேர்ந்து ஒரு கூட்டமா நின்னாத்தான் காரியம் நடக்கும். ‘சாப்பாடு வந்துருக்கு, வளரு’ன்னு செல்லுக்குச் சொல்லுத கூட்டம் ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு புரதம் சேரும், பிரியும், மறுபடி சேரும். நான் அது ரெண்டையும் பிரிய முடியாம ஒட்டிப்புட்டேன்.”

“எதை வச்சு ஒட்டினீய?”

“பசையெல்லாம் இல்ல. ரெண்டோட ஜீனையும் ஒரே சரடா தச்சு உள்ள விட்டுட்டா, பொறக்கும்போதே ஒட்டித்தான் பொறக்கும். நடுவுல மட்டும் ஒரு சின்னக் கயிறு மாதிரி விட்டிருக்கேன், ரெண்டும் அசைஞ்சு கொடுக்கதுக்கு.”

“ஒட்டிட்டா என்ன ஆகும்?”

“அதுதான் கேள்வி. ‘வளரு, வளரு’ன்னு சொல்லுத கூட்டம் பிரியாமலே இருந்தா, செல்லு எவ்வளவு பெருசாகும், எத்தனை மக பெறும், எப்பச் சாவும்? மைக்ராஸ்கோப்புக்குக் கீழ தாயை வச்சுக்கிட்டு, ஒவ்வொரு மகளாப் பொறக்கப் பொறக்கக் கண்ணாடி ஊசியால ஒதுக்கி ஒதுக்கி எண்ணணும்.”

எனக்கு முழுக்கப் புரிந்தது. அதுதான் வினை. புரியாத ஒன்றின் மேல் மரியாதை வரலாம், பயம் வரலாம், பொறாமை வராது. பொறாமை வர ஆசாமியின் வேலை நமக்குக் கொஞ்சம் எட்ட வேண்டும். நான் தலைமுழுகி எழுந்தேன். உள்ளே எரிந்தது அணையவில்லை, பொதிகையில் பிறந்த தண்ணீர்தான், என்ன பிரயோஜனம்?

சரி, நாமே ஒருபடி இறங்கிப் போவோம் என்று ஒருநாள் அவருடைய கல்லூரிக்குப் போனேன். கையில் ஒரு பெட்டி நிறையச் சூடான பட்டர் பன். ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்த உதவியாளர் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். மரியாதைக்கு என்று நினைத்தேன். மறிப்பதற்கு.

“யாரு, ரொட்டிக்கடை அண்ணாச்சியா? உள்ள வரப்படாது. சார் சொல்லியிருக்காவ, ரொட்டிக்கடை ஆளுவ யாரையும் விடக்கூடாதுன்னு.”

“நான் அவருக்குச் சகலைவே.”

“அதையும் சேத்துத்தான் சொல்லியிருக்காவ.”

சத்தம் கேட்டு சகலை வெளியே வந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பெஞ்சு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கமே நின்றார். பெட்டியை நீட்டினேன். கை நீட்டவில்லை. “வீட்டுல கொடுத்துருங்க அண்ணாச்சி. சாயந்திரம் போய்ச் சாப்பிடுதேன்” என்றார். முகம் என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருந்தது. பெட்டியின் சூடு ஆறுவதற்குள் நான் பஸ் ஏறிவிட்டேன். வழியில் அந்தப் பன்களை ஒரு காக்கைக் கூட்டத்துக்குப் போட்டேன். அவை ரோட்டைக் கடந்து வந்தே சாப்பிட்டன.

இந்த நிலைமையில்தான் மச்சினனுக்குக் கல்யாணம் கூடியது. மாமனாருக்கு ஒரே பையன்.

எங்கள் வீடுகளில் பையன் கல்யாணத்துக்கு முதல் வேலை கால்நாட்டு. வாசலில் போடும் பந்தலுக்கு முதல் காலை நல்ல நேரம் பார்த்து ஊன்றுவது. குழியில் பாலும் நவதானியமும் விட்டு, மஞ்சள் தடவி மாவிலை கட்டிய கம்பை நிறுத்த வேண்டும். அந்தக் கம்பில் முதல் கை வைப்பது மூத்த மாப்பிள்ளை. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். என் கல்யாணத்தில் முகம் சுளித்த அத்தனை பேரும் அன்று வாசலில் நிற்பார்கள். அவர்கள் கண்ணெதிரே அந்தக் கம்பை ஊன்றிவிட்டால் அப்புறம் நான் ரொட்டிக்கடைக்காரன் இல்லை, அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. ஒரே பையன், ஒரே கால்நாட்டு. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. மச்சினன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே நான் இதற்குக் காத்திருந்தேன் என்றால் சிரிக்காதீர்கள்.

கல்யாணப் பேச்சுக்காக எல்லாரும் கூடியிருந்தபோது மாமனார் தொண்டையைச் செருமினார். “கால்நாட்டுக்குச் சின்ன மாப்பிள்ளையைச் சொல்லலாம்னு நெனைக்கேன்.”

அடுப்படி வாசலில் நின்ற அத்தை மெல்ல, “மூத்த மாப்பிள்ளை இருக்கும்போது...” என்று இழுத்தாள்.

“அதுல என்ன இருக்கு? சின்னவரு ஆயுசைப் பத்தியே படிக்கவரு. அவரு கை பட்டா பிள்ளைகளுக்கு நல்லதுல்லா? மூத்தவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. என்ன மாப்பிள்ளை?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சகலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கென்ன மாமா, தாராளமா செய்யட்டும்” என்றேன். எனக்கே என் குரல் அடுத்த வீட்டிலிருந்து கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு விடவில்லை. “தாராளமாம்ல தாராளம். வாயில என்ன, பிசைஞ்ச மாவா இருந்துச்சு? ‘அது என் பாத்தியதை மாமா’ன்னு ஒரு வார்த்தை சொல்ல வரல?”

“கேட்டு வாங்கினா அது மரியாதையாட்டி?”

“கேக்காம இருந்ததுக்கு என்ன கெடைச்சுது?”

சேரன்மாதேவியில் பஸ் நின்றதும் நான் இறங்கி அவளுக்கு ஒரு சோடா வாங்கி வந்தேன்.

கால்நாட்டுக்கு முந்தின நாள் பிற்பகல். பன் அடுப்பிலிருந்து இறங்கும் நேரம், கடை முழுக்க வாசனை. எதிர்ச்சாரியில் சகலை வந்து நின்றார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ரோட்டில் பஸ் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “ஏலே, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?” என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் சகலை ரோட்டைக் கடந்து கொண்டிருக்கிறார். கடந்து, என் கடைப்படி ஏறி, உள்ளே வந்து, ஒரு மைதா மூடை மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

“என்ன தம்பி, வழி தவறிட்டா?” என்றேன். குத்தத்தான் சொன்னேன்.

“இனிமே எங்க உக்காந்தா என்ன அண்ணாச்சி. எல்லாம் போச்சு.”

கையிலிருந்த துணி மூட்டையை மேசை மேல் அவிழ்த்தார். உள்ளே வட்ட வட்டமாகக் கண்ணாடித் தட்டுகள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அடியில் பாகு மாதிரி ஒன்று உறைந்திருந்தது. அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள், பூரித்துப்போய்.

“இந்தத் தட்டுல ஒண்ணுமே முளைக்கப்படாது. என் ஈஸ்ட்டு நோஞ்சான் அண்ணாச்சி. வேணும்னே அப்படி ஆக்கி வச்சிருக்கு. இன்ன இன்ன சத்தை நாம ஊட்டினாத்தான் உசிரோட இருக்கும். ஊட்டாத தட்டுல போட்டா ஒண்ணும் வராது. இது ஊட்டாத தட்டு. பாருங்க, பொங்கி நிக்கு. வெளிய இருந்து ஒருத்தன் உள்ள வந்துட்டான். என் தாய் மக எல்லாத்தோடயும் கலந்துட்டான். இனிமே எண்ணின எண்ணிக்கைக்கு ஒரு அர்த்தமும் இல்ல.”

“யாரு அவன்?”

“உங்க ஆளுதான்னு நெனைக்கேன். ஒரு சிட்டிகை ஈஸ்ட் கொடுங்க. கொண்டுபோய் வச்சுப் பாத்துருதேன். என்னத்தைப் போட்டாலும் தின்னுட்டு வளருதது இந்தப் பக்கத்துல அவன் ஒருத்தன்தான்.”

எனக்கு ஒவ்வொன்றாகக் கதவு திறந்தது. டீக்கடை ஓரம், கல்லூரி பெஞ்சு, ஆற்றுத் தண்ணீர். “அப்ப இத்தனை நாளா நீங்க ரோட்டைக் கடக்காதது...”

“உங்க கடைக் காத்து பூரா அவன்தான் அண்ணாச்சி. சட்டையில ஒட்டிக்கிட்டு வந்துருவான். ஆத்துல நின்னாப் பயமில்ல.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிச் சொல்ல? மூத்த சகலைகிட்டப் போய், ‘உங்க கடையும் ஆகாது, நீங்களும் ஆகாது’ன்னு சொன்னா மரியாதையாவா இருக்கும்? அதான் பேசாம இருந்துட்டேன்.”

மரியாதைக்காகப் பேசாமல் இருந்தாராம். அந்த மரியாதையைச் சுமந்துகொண்டு நான் எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்!

“சரி, இவ்வளவு காபந்து பண்ணியும் எப்படி உள்ள போனான்?”

“அதான் அண்ணாச்சி மண்டை உடையுது. கையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கேன். ஊசியைத் தீயில காட்டுதேன். கதவைத் திறந்து வைக்கதில்ல...” சொல்லிக்கொண்டே, தட்டுகளைச் சுற்றிவந்த துணியை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்தார்.

அந்தத் துணியின் ஓரத்தில் கறுப்பாக, பாதி அழிந்து, மாவு மில்லின் முத்திரை.

என் கடைக்கு மைதா துணி மூடையில் வரும். காலி மூடையை என் மனைவி பிரித்துத் துவைப்பாள். பின்கட்டில், மாவு பிசையும் தொட்டிக்கு நேர் மேலே கட்டிய கொடியில் காயப்போடுவாள். ஓரம் அடித்துக் கைத்துணியாக்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பாள். அந்தத் துணி மாதிரி ஈரம் உறிஞ்சும் துணி வேறு கிடையாது. போன தடவை தங்கை வந்தபோது ஒரு கட்டே மடித்துக் கொடுத்திருந்தாள்.

“இந்தத் துணி ஏது தம்பி?”

“இதா? வீட்டுல கொடுத்தா. மேசை துடைக்க, தட்டை மூட. நல்லா உறிஞ்சுது.”

அந்த முத்திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஈஸ்ட்டை என் ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கிறது. ஜீனைத் தைத்தவரால் கண்டுபிடிக்க முடியாததை என் மனைவி ஓரம் தைத்துக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். என்னை வாசலில் மறித்தார்கள். என் கடைத் துணி மகாராஜாவாக உள்ளே போய் மேசை மேலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் நாளைக்கும் அந்தத் துணியாலேயே துடைப்பார். ஆனால் என் வாய்க்கு ஒரு குணம். நல்ல சமாச்சாரம் கிடைத்தால் அதற்குள் நிற்காது.

சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவர் துணியைப் பாம்பு மாதிரிப் பார்த்தார். முத்திரையைத் தடவினார். அப்புறம் அவரும் சிரித்தார், ஆனால் அது வேறு சிரிப்பு.

“முதல்ல இருந்து தொடங்கணும் அண்ணாச்சி. கெட்டுப்போகாத சரக்கு கொஞ்சம் தனியா உறையவச்சு இருக்கு. ஆனா மகளை ஒதுக்குத ஊசிக் கருவி மதுரையில இரவல் வாங்கினது. கல்யாணத்துக்குள்ள திருப்பி அனுப்பணும். நாளைக்கே ஆரம்பிச்சாத்தான் உண்டு. ராத்திரி பிரிட்ஜுல வச்சுத் தூங்கப் போடலாம், பகல்ல விட்டுட்டு நகர முடியாது.” கொஞ்சம் தயங்கினார். “கால்நாட்டுக்கு நான் வரல. நீங்களே நட்டுருங்க. மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிருதேன்.”

எதற்காக வருஷக்கணக்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. ஆனால் எப்படி வந்தது பாருங்கள். என் வீட்டு மாம்பழத்தை அடுத்தவர் பறித்து, பாதி கடித்துவிட்டு, “நீங்க சாப்பிடுங்க” என்று நீட்டின மாதிரி.

போகும்முன் சூடாக ஒரு பன் எடுத்துக்கொண்டார். அதுதான் என் கடையில் அவர் சாப்பிட்ட முதல் பன். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “மாமா என்னைப் பாக்கும்போதெல்லாம் உங்களைச் சொல்லித்தான் குத்துவாவ, தெரியுமா?” என்றார். “‘மூத்தவரு பத்துக் குடும்பத்துக்குச் சோறு போடுதாரு. உங்க ஆராய்ச்சியில எத்தனை பேரு சாப்பிடுதா?’ன்னு.”

“எப்பச் சொன்னாவ?”

“எப்பவும்.”

ஒரு தடவைகூட என் காதில் விழாதபடி எப்பவும் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியர் அல்லவா. இந்த வகுப்புப் பையனிடம் அந்த வகுப்பைப் புகழ்வார்.

மறுநாள் அம்பாசமுத்திரத்தில் வாசல் நிறைய ஆட்கள். முகம் சுளித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், கொஞ்சம் வயசாகி. அத்தை பால்செம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி. குழியில் பால் விட்டேன். கம்பைப் பிடித்து நிறுத்தினேன். குலவைச் சத்தம் எழுந்தது. என் வாழ்க்கையில் நான் பிடித்த பொருள்களிலேயே நேராக நின்றது அந்தக் கம்புதான்.

அப்போது ஒருவர் கேட்டார்: “சின்ன மாப்பிள்ளை வரலியா?”

மாமனார் நிமிர்ந்தார். “அவரு எப்படி வருவாரு? அங்கன உசிரோட ஆயுசைக் கணக்குப் பாத்துக்கிட்டு இருக்காரு. ஒன்றரை மணிக்கு ஒருக்கா ஒரு பிரசவம். நகர முடியாது.”

“அப்படியா! ஒன்றரை மணிக்கு ஒருக்காவா!” கூட்டம் முழுக்க அவர் பக்கம் திரும்பிவிட்டது. இன்னொருவர் கேட்டார், மாமனார் மறுபடி சொன்னார். கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் மண்ணைத் தள்ளச் சொல்லிக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. வந்தவனுக்குக் கிடைத்தது கம்பு, வராதவனுக்குக் கிடைத்தது பேச்சு. என் மனைவி மட்டும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் குலவைதான்.

கல்யாணம் முடிவதற்குள் சகலை எண்ணி முடித்துவிட்டார். முடிவை முதலில் வந்து என்னிடம்தான் சொன்னார், கடைக்குள் வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் நின்று. பிரியாமல் ஒட்டிவைத்த புரதங்கள் இருந்த தாய்கள் சீக்கிரம் சீக்கிரமாகப் பெருத்தன, மற்றதைவிடக் கொழுத்தன. ஆனால் மகள்கள் குறைவு. பாதி வழியிலேயே செத்துவிட்டன. சேரவும் பிரியவும் விட்ட தாய்கள் சாதாரணமாக வளர்ந்து, முழு ஆயுசும் இருந்தன. ஒரு தடவை பார்த்தது போதாது, இன்னும் பல தடவை எண்ண வேண்டும் என்றும் சொன்னார்.

நான் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் துணியை உதறிக்கொண்டே, “ஒட்டிவச்சா வளத்தி கூடும், ஆயுசு குறையும். கூட்டுக்குடும்பத்துல வாக்கப்பட்ட எவளைக் கேட்டாலும் சொல்லியிருப்பா. இதுக்கு மதுரையில இருந்து ஊசி வேற!” என்றாள்.

மறுவீட்டு விருந்து. பந்தியில் மாமனார் நடுவில், ஒரு பக்கம் நான், மறுபக்கம் சகலை. கல்லிடைக்குறிச்சிச் சிநேகிதர் எதிர் வரிசையில். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கிச் சகலையிடம், “ஆயுசு ஆராய்ச்சி எந்த மட்டுல இருக்கு?” என்று கேட்டார். சகலை சாதத்தை ஒதுக்கிவிட்டு, ஆர்வமாக வாயைத் திறந்தார்.

மாமனார் முந்திக்கொண்டார். “அதைவிட ஒரு விசேஷம் கேளும். இவரு வெளிநாட்டுல இருந்து ஒரு ஈஸ்ட்டைக் கொண்டாந்து, பூட்டிப் பூட்டி வளத்தாரு. நம்ம மூத்த மாப்பிள்ளை கடையில ஒரு ஈஸ்ட்டு இருக்கு, நாட்டுக்கட்டை. வெறும் துணியில ஏறிப் போயி அத்தனையையும் தின்னுட்டு நின்னுட்டு!”

பந்தியே சிரித்தது. “அப்படிப்பட்ட சரக்கா?” என்று சிநேகிதர் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். “கடை எங்க இருக்கு?”

“வண்ணார்பேட்டையில” என்றார் மாமனார். இந்த முறையும் அது விலாசமாகத்தான் கேட்டது. விருதாகவும் கேட்டது.

நான் மாமனாரைத் தாண்டிச் சகலையைப் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, சாம்பாரில் கிடந்த ஒரு முருங்கைக்காயை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். உதட்டில் சிரிப்பு இருந்தது. கண் என் இலையில் இருந்தது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷம் நான் போட்டுக்கொண்டு திரிந்த முகம். அவர் இலையில் ஊறுகாய் அப்படியே இருந்தது.

ரசம் வந்தது. நான் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.